யார்க்ஷயர் தொடர் கொலைகள்: கேள்வி பதில்

1975 முதல் 1980 வரை வட இங்கிலாந்தில், பெரும்பாலும் யார்க்ஷயர் பகுதியில், 13 பெண்களைக் கொன்றவன் பீட்டர் சட்க்ளிஃப். அந்த வழக்கையும், விசாரணைக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டையும் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி (திருச்சி): எல்லாம் ஒரே ஆளின் வேலை என்று எப்படித் தெரிந்தது ஐயா?

காயங்களை வைத்துத்தான். முதலில் தலையில் சுத்தியல் அடி, பிறகு கத்திக்குத்து. ஆனால், பாலியல் தொழிலாளர்களைத்தான் குறிவைக்கிறான் என்று போலீசார் முடிவுகட்டிவிட்டார்கள். 1975இல் அடிபட்டு உயிர் பிழைத்த 14 வயதுச் சிறுமி சொன்ன அடையாளங்களை வைத்து உருவாக்கிய முகம் சட்க்ளிஃபின் முகத்தை ஒத்திருந்தது. ஆனாலும் அந்தத் தாக்குதலை இந்த வரிசையில் சேர்க்கவில்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஐந்து பவுண்டு நோட்டு விவகாரம் என்ன?

1977 அக்டோபரில் மான்செஸ்டரில் கொல்லப்பட்ட பெண்ணின் கைப்பை உள்ளறையில், சட்க்ளிஃப் அவளுக்குக் கொடுத்த ஒரு புதுநோட்டு இருந்தது. அதைத் தேடி அவன் ஒரு வாரம் கழித்துப் பிணம் கிடந்த இடத்துக்கே போனான்; கைப்பை அகப்படவில்லை. சம்பளக் கவரில் அந்த நோட்டு கிடைத்திருக்கக்கூடியவர்கள் சுமார் 8,000 பேர் என்று போலீசார் கணக்கிட்டார்கள். அவனும் அதில் இருந்தான். விசாரித்தார்கள், விட்டுவிட்டார்கள்.

கேள்வி (மதுரை): ஒன்பது முறை விசாரித்தும் எப்படித் தப்பினான்?

என் மனம் ஆறாத இடம் இதுதான். 1979 ஜூனில், கொலைகாரன் நான்தான் என்று பேசும் ஒலிநாடா ஒன்று ஓல்ட்ஃபீல்டுக்கு வந்தது. அது வடகிழக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்து வட்டாரப் பேச்சு; சட்க்ளிஃபோ யார்க்ஷயர்க்காரன். குரலை ஆராய்ந்த மொழியியலாளர் ஸ்டான்லி எல்லிஸ், இது ஏமாற்று வேலையாக இருக்கலாம் என்று எச்சரித்தார். ஓல்ட்ஃபீல்ட் குரலை நம்பினார். அடுத்த மாதமே ஆண்ட்ரூ லாப்டியூ என்ற இளம் துப்பறிவாளர் சட்க்ளிஃபின் வீட்டுக்குப் போனார். தாடி, முன்பற்களின் இடைவெளி, லாரி ஓட்டும் வேலை என்று ஒவ்வொன்றாகப் பொருந்தி வந்தன. சந்தேகத்தை எழுதி மேலதிகாரிகளிடம் கொடுத்தார். கொலைகாரன் பெயரில் வந்த கடிதங்களின் கையெழுத்து இவனுடையது இல்லை என்று அந்த அறிக்கையைக் கோப்பில் போட்டு மூடினார்கள். அதற்குப் பிறகு மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள்.

நோட்டு தொடர்பாக அவனை ஏற்கெனவே விசாரித்திருந்தார்கள் என்பதுகூட லாப்டியூவுக்குத் தெரியாது! லீட்ஸ் நகரின் மில்கார்த் காவல் நிலையத்தில் விசாரணை அட்டைகள் குவிந்து, எடை தாங்குவதற்காகத் தரையையே பலப்படுத்த வேண்டியிருந்தது. அவ்வளவு காகிதத்தில் எதை எதோடு சேர்த்துப் படிப்பது? பெரிய வழக்குகளுக்கான ஹோம்ஸ் கணினி அமைப்பு இந்த வழக்குக்குப் பிறகுதான் வந்தது.

கேள்வி (சேலம்): பிடித்தது யார்?

ரோந்து போலீசார். 1981 ஜனவரி 2, ஷெஃபீல்ட். காரில் போலி எண் பலகை. சிறுநீர் கழிக்க வேண்டும் என்று சற்று ஒதுங்கினான். அது சார்ஜென்ட் ராபர்ட் ரிங்குக்கு மறுநாள் உறுத்தியது. திரும்பப் போய்த் தேடினார். எண்ணெய்த் தொட்டிக்குப் பின்னால் சுத்தியலும் கத்தியும் கிடந்தன.

கேள்வி (சென்னை): ஒலிநாடா அனுப்பியவன்?

ஜான் ஹம்பிள். அந்தக் கடிதங்களை எழுதியவனும் அவனே. கடித உறையில் இருந்த எச்சிலின் டி.என்.ஏ. 2005இல் காட்டிக்கொடுத்தது. மறு ஆண்டு எட்டு ஆண்டுச் சிறை விதித்தார்கள். அந்த மூன்று பெண்களை நினைத்தால், போதாத தண்டனை என்பேன்.