ஒன்பது வயதில் பாயிண்ட் காலணி வேண்டுமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் தோட்டத்தில் வளர்ந்த நாங்கள் இப்போது டவுனை ஒட்டிய ஒரு தாமானில் குடியிருக்கிறோம். மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்கு 9 வயது. கடைவீட்டு மேல்மாடியில் நடக்கும் பாலே வகுப்புக்கு 2 ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் போய் வருகிறாள். வெள்ளிக்கிழமை மாலையில் கோயில் மண்டபத்தில் பரதமும் கற்கிறாள். ஈப்போவில் அவள் வயதுப் பிள்ளை ஒருத்தி, விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயிண்ட் காலணி போட்டு ஆடுவதைக் கைப்பேசியில் பார்த்ததிலிருந்து தனக்கும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பக்கத்து வீட்டார் தங்கள் மகளின் பழைய ஜோடியைத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கிக் கொடுக்கலாமா? இரண்டு ஆட்டமும் சேர்ந்தால் கால் கெட்டுவிடும் என்று என் மாமியார் சொல்வது உண்மையா? வீட்டில் நான் எப்படி உதவுவது?

பதில்: அன்புச் சகோதரி, பாயிண்ட் காலணி இப்போது வேண்டாம். இன்னும் குறைந்தது 3 ஆண்டுகளுக்கு அந்தப் பேச்சை எடுக்க வேண்டியதே இல்லை. அதன் பிறகும், வயது வந்துவிட்டது என்பதற்காக அல்லாமல், காலும் இடுப்பும் வயிற்றுத் தசைகளும் தயாராகிவிட்டன என்று ஆசிரியர் நேரில் சோதித்துச் சொன்னால் மட்டுமே தொடங்க வேண்டும். இதில் நான் உறுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எனக்கே 10 வயதில், வேறொருவர் போட்டுத் தேய்த்த ஜோடி ஒன்றைப் பஞ்சு அடைத்து மாட்டிவிட்டார்கள். ஆண்டுவிழா மேடையில் 2 நிமிடம் நிற்பதற்காகச் செய்த அந்த வேலையின் பலனை, பின்னங்கணுக்காலில் வந்த வலியாக 13 வயதில் அனுபவித்தேன். ஏறக்குறைய ஓராண்டு வகுப்புக்கே போக முடியவில்லை.

அந்தக் காலணியின் முன்பகுதி, துணியையும் தாளையும் அடுக்கடுக்காகப் பசையிட்டு இறுக்கிச் செய்த ஒரு சிறு கூடு. பாதத்தின் அடியில் விறைப்பான தண்டு ஒன்று ஓடும். இவை விரல்களுக்குத் துணை நிற்குமே தவிர, ஆடுபவரைத் தூக்கி நிறுத்தா. உடம்பின் முழு எடையும் விரல் நுனியில் இறங்கும்போது அதைத் தாங்குவது கணுக்கால், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, வயிறு ஆகிய இடங்களின் தசைகள்தாம். 9 வயதுப் பிள்ளையின் பாத எலும்புகளின் முனைகளில் வளர்ச்சிக்குரிய குருத்தெலும்பு இன்னும் இருக்கிறது. அது முழுவதும் கெட்டிப்பட்டு எலும்பாக மாறுவது பதின்ம வயதின் நடுப்பகுதியில்தான். அதற்காக, எலும்பு கெட்டிப்படும் வரை பாயிண்ட் கூடவே கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதில்லை. அவர்கள் பெரிதும் அஞ்சுவது வலுவில்லாத கணுக்காலைத்தான். களைத்த கால் நுனிவிரலில் நிற்கையில் ஒரு பக்கமாகச் சாய்கிறது, சாயும் கால் சுளுக்குகிறது, சுளுக்கிய காலோடு ஆடும் பிள்ளை வேறோர் இடத்தில் அடிபடுகிறாள்.

நடன மருத்துவத்துக்கும் அறிவியலுக்குமான பன்னாட்டுச் சங்கம் ஆசிரியர்களுக்குத் தந்துள்ள வழிகாட்டுதல் உங்கள் கேள்விக்கு ஏறக்குறைய நேரடியாகவே பதில் சொல்கிறது. 12 வயதுக்கு முன் தொடங்க வேண்டாம். வாரம் ஒரே ஒரு பாலே வகுப்புக்கு வரும் பிள்ளையைப் பாயிண்ட் பக்கம் ஊக்குவிக்க வேண்டாம். வாரம் இரண்டு வகுப்பு என்றால், வேறு குறை எதுவும் இல்லாத நிலையில், பயிற்சியின் நான்காம் ஆண்டில் தொடங்கலாம். உங்கள் மகள் வாரம் ஒரு மணி நேரம் பயில்பவள். ஆகவே வயதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் விடை மாறாது.

தேர்வில் பின்தங்கிவிடுவாளோ என்ற கவலை உங்களுக்கு இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். நம் நாட்டில் பல பாலே பள்ளிகள் பின்பற்றுவது, 1920இல் இலண்டனில் தொடங்கப்பட்ட ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் அமைப்பின் பாடத்திட்டம். அதில் முதல் நிலையிலிருந்து எட்டாம் நிலை வரை எந்தத் தேர்வுக்கும் பாயிண்ட் காலணி தேவையில்லை. தொழில்முறைப் பயிற்சியை நோக்கிய தனிப் பிரிவில்தான் அது வருகிறது. அந்தப் பிரிவின் முதற்படித் தேர்வை எழுதுவதற்கே 11 வயதாவது ஆகியிருக்க வேண்டும். மென்காலணியிலேயே ஒரு பிள்ளை பல ஆண்டுகள் மேலே மேலே படித்துக்கொண்டு போகலாம்.

உங்கள் மகளின் கால் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். அலமாரியின் ஓரத்தை ஒரு விரலால் மட்டும் தொட்டபடி, வெறுங்காலுடன் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். முழங்காலை மடக்காமல், மெதுவாகக் குதிகாலை உயர்த்தி, அதே மெதுவோடு இறக்கட்டும். நீங்கள் பின்னால் தரையில் உட்கார்ந்து குதிகாலை மட்டும் கவனியுங்கள். முதல் ஐந்தாறு முறை நேராக மேலே போகும். பிறகு கணுக்கால் நடுங்கத் தொடங்கும், எடை சுண்டுவிரல் பக்கம் நழுவும், குதிகால் உள்பக்கமாகத் திரும்பும், அலமாரியைத் தொட்ட விரல் பிடியாக மாறும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் தொடங்க இருக்கும் மாணவி ஒவ்வொரு காலிலும் இதை ஏறக்குறைய 20 முறை, வடிவம் குலையாமல் செய்ய வேண்டும் என்று ஆசிரியர்கள் எதிர்பார்ப்பார்கள். அடுத்து, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பாதத்தை முன்னோக்கி நீட்டச் சொல்லி, முழங்காலுக்குக் கீழுள்ள காலின் முன்புறத்திலிருந்து விரல் வரை ஓர் அடிக்கோலை வைத்துப் பாருங்கள். காலின் அந்த முன்புறமும் பாதத்தின் மேற்புறமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வராவிட்டால், அந்தக் கணுக்கால் நுனிவிரல் மேல் முழுமையாக ஏற முடியாது. காலணி போட்டால் அவள் பின்னோக்கிச் சாய்ந்துகொண்டேதான் நிற்பாள். இவை ஆசிரியர் செய்யும் சோதனைக்கு மாற்று ஆகா. ஆனால் “எனக்கு ஏன் இல்லை?” என்று கேட்கும் பிள்ளைக்கு, தன் கண்ணாலேயே காரணத்தைப் பார்க்கும் வாய்ப்பு இதில் கிடைக்கிறது. மாதத்திற்கு ஒரு முறை எண்ணிக்கையை நாள்காட்டியில் எழுதி வாருங்கள். 6 என்பது 9 ஆவதைப் பார்க்கும்போது அவளுக்குள் வரும் உற்சாகத்தைப் பல பிள்ளைகளிடம் நான் கண்டிருக்கிறேன்.

உங்கள் மாமியாரின் கவலையை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். அவர் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நினைக்கிறார் போலும். ஆனால் இரண்டு கலைக்கும் அடிப்படையாக இருக்கும் ஓர் உண்மை ஒன்றே: காலை வெளிப்பக்கம் திருப்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பரதத்தில் அரைமண்டியில் உட்காரும்போதும், பாலேயில் பிளியே என்று முழங்காலை மடக்கும்போதும், முழங்கால் சில்லு பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேர்மேலே போக வேண்டும். இடுப்பு எவ்வளவு திரும்புகிறதோ அதற்கு மேல் பாதத்தை மட்டும் திருகி வைக்கும் பிள்ளையை எளிதில் கண்டுபிடிக்கலாம். முழங்கால் முன்பக்கம் பார்க்கும், பாதம் பக்கவாட்டில் பார்க்கும், உள்வளைவு சரிந்து தரையைத் தொடும். முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் இதுவே வித்து. கண்ணாடியில் பாதங்கள் நேர்கோட்டில் தெரிந்தால்தான் அழகு என்று எண்ணும் பெற்றோர், குறுகிய கோணத்தில் சரியாக நிற்கும் பிள்ளையைக் குறை சொல்லிவிடுகிறார்கள். இடுப்பு எலும்பின் அமைப்பு பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். அதை யாரும் அழுத்தி மாற்ற முடியாது. இரண்டு ஆசிரியர்களும் இதில் ஒரே சொல்லைச் சொன்னால் ஒரு வகுப்பு இன்னொன்றுக்குத் துணையாகவே இருக்கும்.

இந்த இரண்டு கலைகளுக்கும் பகையில்லை என்பதற்கு நம் பெரியவர்களே சான்று. 1936இல் கலாக்ஷேத்திராவைத் தோற்றுவித்த ருக்மிணி தேவி அருண்டேல், பரதத்துக்கு வருவதற்கு முன் பாலேதான் கற்றார். ருஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டி அவருக்குக் கற்றுக்கொடுத்தார். சொந்த மண்ணின் ஆடலைத் தேடிப் போகும்படி அவரைத் தூண்டியவரும் பாவ்லோவாதான். நம் நாட்டில் 1983இல் சூத்ரா நடன அரங்கத்தைத் தொடங்கிய ராம்லி இப்ராஹிம், பாலே, பரதம், ஒடிசி ஆகிய மூன்றிலும் பயிற்சி பெற்றவர். இதை மாமியாரிடம் சொல்லுங்கள்.

ஆனாலும் அவர் சொல்வதில் ஒரு பாதி சரி. பரதத்தின் தட்டடவு முழுப் பாதத்தால் தரையில் அறைவது. பாலே தரையைத் தள்ளி மேலெழுவது, பிறகு ஓசையின்றி இறங்குவது. வெள்ளி மாலை சிமெந்துத் தரையில் ஒரு மணி நேரம் தட்டிவிட்டு, சனி காலை அதே கெண்டைக்காலோடு குதிப்பது நல்ல ஏற்பாடு அல்ல. இடையில் ஒரு நாளாவது ஓய்வு இருக்கும்படி வகுப்பை மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மொத்த நேரத்தைப் பற்றி இப்போதைக்கு அஞ்ச வேண்டாம். பிள்ளையின் வயது எத்தனையோ, வாரப் பயிற்சி அத்தனை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் வழங்கும் ஓர் அளவுகோல். உங்கள் மகள் அதற்கு வெகு கீழேதான் இருக்கிறாள்.

தரையைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் இதை யாரும் கேட்பதில்லை. கடைவீட்டு மேல்மாடி என்றால் பெரும்பாலும் சிமெந்தோ, அதன் மேல் ஒட்டிய மெல்லிய விரிப்போதான். பாலேக்கு உரிய தரை அடியில் மரச்சட்டம் இட்டு, குதிக்கும்போது சற்றே நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது வெறுங்காலால் ஒரு முறை குதித்துப் பாருங்கள். சிமெந்து என்றால் உங்கள் குதிகாலே சொல்லிவிடும். அப்படியிருந்தால் உடனே வகுப்பை நிறுத்த வேண்டும் என்பதில்லை. குதிப்புப் பயிற்சியைக் குறைக்கும்படி மரியாதையுடன் ஆசிரியரிடம் கேட்கலாம். நல்ல ஆசிரியர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். வீட்டு மொசைக் தரையிலும் வாசல் சிமெந்திலும் குதிக்க விடாதீர்கள். காலுறையோடு டைல்ஸ் தரையில் சுழல்வது கூடவே கூடாது. வீட்டுப் பயிற்சி என்பது 10 நிமிடக் குதிகால் உயர்த்தல், ஒற்றைக்கால் நிலை, பாதத்தைத் தரையோடு உராய்ந்து நீட்டி மடக்குவது ஆகியவற்றோடு முடியட்டும்.

இரண்டு காலையும் அகட்டி முழுவதும் தரையில் படிய வைப்பதற்காக முதுகிலோ தொடையிலோ பெரியவர் யாராவது அழுத்தினால், அதை அங்கேயே நிறுத்துங்கள். செய்பவர் நீங்களாக இருந்தாலும் சரி, ஆசிரியராக இருந்தாலும் சரி. நெகிழ்வு நாள்பட வருவது. இன்னும் ஓரிரண்டு ஆண்டுகளில் அவள் மளமளவென்று உயரும்போது எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும், முன்பு எளிதாக வந்தது வராமல் போகும். அது சோம்பல் அல்ல. அந்த மாதங்களில் முழங்கால் சில்லுக்குக் கீழேயும் குதிகாலின் பின்புறமும் வலி வருவது வழக்கம். குதிப்பதைக் குறைத்தால் பெரும்பாலும் தணியும். விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் எலும்பு வலித்தாலோ, நொண்டினாலோ, இரவில் வலியால் விழித்தாலோ கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சோற்றைக் குறைக்காதீர்கள். மெலிந்திருந்தால்தான் பாலே என்ற பேச்சு வீட்டுக்குள் நுழையவே வேண்டாம். சனி காலை வெறும் மைலோவோடு அனுப்பாமல் இட்டிலியோ முட்டையோ கொடுத்து அனுப்புங்கள். தகரக் கூரைக்குக் கீழே ஆடும் பிள்ளைக்குத் தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். போதிய உணவின்றி ஆடும் பெண்பிள்ளைகளுக்குப் பூப்பெய்துவது தள்ளிப்போகும், எலும்பும் பலவீனமாகும். 15 வயதாகியும் பூப்பெய்தவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காலணிக்கென்று பணம் எடுத்து வைத்திருந்தால், அதை வாரத்தின் இரண்டாம் வகுப்புக்குக் கொடுங்கள். உங்கள் ஊரில் அதற்கு வழியில்லை என்றால், 30 கிலோமீட்டர் அளவில் இருக்கும் ஈப்போவில் மாதம் இரண்டு முறையாவது வேறொரு வகுப்பில் சேர்க்க முடியுமா என்று விசாரியுங்கள். அவளுக்கு நாளை பாயிண்ட் கைகூட வேண்டுமானால் அதற்கான வழி இதுதான்.

அந்த நாள் வரும்போது, காலணியை இணையத்தில் வாங்காமல், பாதத்தை அளந்து நிற்கவைத்துப் பார்த்துத் தரும் கடைக்கு ஆசிரியரின் ஆலோசனையோடு போங்கள். வளரும் பிள்ளை என்று பள்ளிச் சப்பாத்தை ஒரு சைஸ் பெரிதாக வாங்குவோமே, அந்தப் பழக்கம் இங்கே ஆபத்து. இடைவெளி இருந்தால் பாதம் கூட்டுக்குள் சரிந்து, எடை முழுவதும் பெருவிரலில் இறங்கும். நம் ஊர் ஈரக்காற்றில் பசை விரைவில் இளகும் என்பதால், ஆடி முடித்ததும் பிளாஸ்டிக் பையில் திணிக்காமல் காற்றோட்டமாகத் தொங்கவிட வேண்டும்.

பக்கத்து வீட்டு ஜோடியை அணியக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். அது இன்னொரு பிள்ளையின் பாதத்துக்கு ஏற்ப வளைந்து, இளகி, உயிர் போன காலணி. ஆனால் அன்போடு தருகிறார்கள்; மறுத்து அவர்கள் மனத்தை நோகடிக்க வேண்டாம். வாங்கி அவள் அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டி வையுங்கள். நாடாவைக் காலில் கட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், கட்டிலில் உட்கார்ந்தபடி கட்டிப் பார்க்கட்டும். அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நிற்க மட்டும் விடாதீர்கள்.