இவ்ளோ சின்ன எம்சிபியை நம்பலாமா?

கேள்வி: எங்களோடது ஊட்டி ஃபெர்ன்ஹில் பக்கம் பழைய வீடு, இன்னும் பீங்கான் ஃபியூஸ் கட்டைதான் இருக்கு. கீசர் வாங்கினதும் எலக்ட்ரீஷியன் தம்பி எல்லாத்தையும் கழட்டிட்டு எம்சிபி (கரண்ட் அளவு மீறினா தானா விழற சுவிட்ச்) போட்டுடலாம்க்கான்றார். ரெண்டு விரல் அகலம்கூட இல்லாத டப்பா அவ்ளோ கரண்ட்டை எப்படி நிறுத்தும்? நம்ம ஊரு குளிருக்கும் பனிக்கும் ஒத்துக்குமா?
- ஒரு வாசகி, ஊட்டி

பதில்: தாராளமா மாத்திடுங்கம்மா. கட்டையில பீஸ் அடிக்கடி போகுதுன்னு யாராவது மூணு கம்பியை முறுக்கிப் போட்டுட்டா அப்புறம் சுவத்துக்குள்ள இருக்கற ஒயர்தான் பீஸா எரியும், எம்சிபில அந்த வேலை நடக்காது, லீவரை மேல அமுக்கிப் பிடிச்சாலும் உள்ள ட்ரிப் ஆயிடும்.

டப்பா அகலம் 18 மில்லிமீட்டர்தான். ஆனா ஷார்ட் ஆகறப்போ காண்டாக்ட் பிரிஞ்சா மட்டும் கரண்ட் நின்னுடாது, நடுவுல பல ஆயிரம் டிகிரி சூட்டுல ஒரு ஆர்க், அதாவது காத்துலயே பாயற மின்பொறி, பிடிச்சு அது வழியாவே ஓடிக்கிட்டு இருக்கும், அதை அணைக்கறதுதான் இந்த டிசைனோட உயிரே. அந்தக் கரண்ட்டோட சொந்தக் காந்த விசையே ஆர்க்கை ஓரமா தள்ளி, வரிசையா அடுக்கி வச்ச இரும்புத் தகடுங்களுக்குள்ள விட்டுடும். ஒரு பெரிய ஆர்க் அங்க பல குட்டி ஆர்க்கா உடையும், ஒவ்வொண்ணும் இருபது வோல்ட்டுக்கு மேல தின்னும், எல்லாம் சேர்ந்து லைன் வோல்டேஜையே எதிர்த்து நிக்கும், கரண்ட் முழு வேகம் எடுக்கறதுக்குள்ளயே, அதாவது 10 மில்லிசெகண்டுக்குள்ள, கதை முடிஞ்சிடும். ரொம்ப அழகான இன்ஜினியரிங்னு நான் மனசாரச் சொல்வேன். ஷார்ட்டைப் பிடிக்க காயில், ஓவர்லோடைப் பிடிக்க சூட்டுல வளையற பைமெட்டல் பட்டை, ரெண்டும் அதே டப்பாக்குள்ள.

இப்ப நம்ம மலை விஷயம். ஸ்டாண்டர்டு எம்சிபி 2000 மீட்டர் உயரம் வரைக்கும்னு கணக்கு பண்ணிதான் செய்யறாங்க. குன்னூர், கோத்தகிரிக்குப் பிரச்சனை இல்ல, ஊட்டி கிட்டத்தட்ட 2240 மீட்டர், கொடைக்கானலும் 2000க்கு மேலதான். காத்து மெலிசானா ஆர்க்கை அணைக்கறது கஷ்டம், சூடும் மெதுவாத்தான் இறங்கும். பயப்படற அளவுக்கு இல்ல, ஆனா 6000னு கட்டம் போட்டதை விட்டுட்டு 10000 போட்டதா வாங்குங்க (ஷார்ட் ஆனா எத்தனை ஆம்ப்ஸ் வரைக்கும் அது நிறுத்தும்ங்கற கணக்கு அது), எம்சிபிங்களை மாட்டற டிபி பாக்ஸ்ல நெருக்கி அடைக்காதீங்க, உயரத்துக்கு ரேட்டிங்கை எவ்ளோ குறைச்சு எடுத்துக்கணும்னு கம்பெனி கேட்லாக்ல பாக்கச் சொல்லுங்க. குளிர்ல பைமெட்டல் கொஞ்சம் லேட்டா வளையும், ஏன்னா அதை 30 டிகிரிக்கு செட் பண்ணியிருப்பாங்க, அதனால பெரிய சைஸ் எம்சிபி வேண்டவே வேண்டாம், 3 கிலோவாட் கீசர் 13 ஆம்ப்ஸ்தான் எடுக்கும், 16 ஆம்ப்ஸ் எம்சிபியும் 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயரும் போதும். பாக்ஸை பனி ஊறற வெளிச்சுவத்துல வைக்காம உள்சுவத்துல வைங்க.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு இதை விட்டுடாதீங்க. எம்சிபி ஒயரைத்தான் காப்பாத்தும், ஆளை இல்ல. ஈரக் கையில கீசர்ல ஷாக் அடிச்சா உடம்பு வழியா போற கரண்ட் 16 ஆம்ப்ஸ் பக்கத்துலயே வராது, எம்சிபி சும்மாதான் இருக்கும். அதுக்கு 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே விழற சுவிட்ச்) தனியா வேணும், கீசருக்கு நல்ல எர்த்தும் வேணும். ஆர்சிசிபில டெஸ்ட் பட்டன் இருக்கும், மாசம் ஒருக்கா அமுக்கிப் பாருங்க, விழலைன்னா அன்னைக்கே மாத்திடுங்க.