ஊர் சுற்றவா, லிஸ்ட் வாங்கவா?

கேள்வி: அக்டோபரில் நானும் மனைவியும் ஐந்து நாள் நியூயார்க் போகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று, ஜெர்சி சிட்டியில் மைத்துனர் வீட்டில் தங்கல். ஒரு ஆப்பில் 16% வட்டியில் 5 லட்சம் ‘டிராவல் லோன்’ தருகிறார்கள். சுற்றிப் பார்க்க 1 லட்சம். சொந்தக்காரர்கள் கேட்ட போன், வாட்ச் எல்லாம் சேர்த்து 4 லட்சம், வந்ததும் தந்துவிடுவார்கள். சிங்கப்பூரில் இப்படி வாங்கியதில் 1.3 லட்சம் இன்னும் கிரெடிட் கார்டில் நிற்கிறது. மினிமம் தவறாமல் கட்டுகிறேன். 2 லட்சம் எஃப்டியைத் தொட மனமில்லை. லோன் எடுக்கலாமா?
– திருப்பூர் வாசகர்

பதில்: வேண்டாம். ஐந்தில் நான்கு பங்கு ஊர் பார்க்க அல்ல, லிஸ்டுக்கு. மூன்று வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 17,600 ரூபாய்; வட்டி மட்டுமே 1.3 லட்சத்தைத் தாண்டும். பெயரில் டிராவல் இருந்தாலும் அது சாதாரண பர்சனல் லோன்தான்.

முதலில் கார்டு. மாத வட்டி 3.5%, அதன்மேல் ஜிஎஸ்டி என்றால் 1.3 லட்சத்துக்குச் சுமார் 5,400 ரூபாய். நீங்கள் கட்டும் மினிமம் 5%, அதாவது 6,500. அசலில் குறைவது ஆயிரத்துச் சொச்சம். உங்கள் எஃப்டி 7% தந்தால்கூட மாதம் 1,200 ரூபாய்தான். திங்கட்கிழமையே எஃப்டியை உடைத்துக் கார்டை முடியுங்கள். மீதி 70 ஆயிரம் கையில் நிற்கும்.

அடுத்து போன். 800 டாலர் போனுக்கு நியூயார்க்கில் விற்பனை வரி 8.875%. கார்டில் தேய்த்தால் அந்நியச் செலாவணிக் கட்டணம், ஜிஎஸ்டியோடு 4% சொச்சம். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 81 ஆயிரத்தைத் தாண்டிவிடும். சுற்றுலாப் பயணிக்கு அந்த வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடும் அங்கே இல்லை. அமெரிக்காவில் விற்கும் ஐபோனில் 14-ஆவது மாடலிலிருந்து சிம் செருகும் இடமே கிடையாது, இ-சிம்தான். பெட்டி பிரிக்காத மூன்று போனோடு வந்து இறங்கினால் சுங்கத்தில் கேள்வியும் வரும், வரியும் வரும்.

சரி, ஊர். தங்கும் செலவு இல்லாதவருக்கு நியூயார்க் அவ்வளவு பயப்பட வேண்டிய இடமில்லை. ஸ்டேட்டன் ஐலண்ட் படகு இலவசம். சுதந்திர தேவி சிலை கண்ணெதிரே வரும், போகும்போது வலப்பக்கம் நில்லுங்கள். புரூக்ளின் பாலம், சென்ட்ரல் பார்க், கிராண்ட் சென்ட்ரல் நிலையம், டைம்ஸ் ஸ்கொயர் எதற்கும் டிக்கெட் இல்லை. மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஆளுக்கு 30 டாலர், அதற்கு ஒரு பகல் முழுக்க ஒதுக்கலாம். எம்பயர் ஸ்டேட் மாடிக்கு ஆளுக்கு 50 டாலர்போல ஆகும். ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்து இருவருக்கும் 700 டாலர், 63 ஆயிரம் ரூபாய். அந்த மீதி எஃப்டியிலேயே அடங்கும். ‘பத்து இடம் ஒரே பாஸ்’ விளம்பரத்தில் விழாதீர்கள். கொடுத்த காசுக்காக ஓடத்தான் நேரம் இருக்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று மருத்துவக் காப்பீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சொந்தக்காரர்களுக்கு இன்றே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள்: “பணத்தை முதல்ல அனுப்பிடுங்க, வாங்கிட்டு வரேன்.” லிஸ்டில் பாதிப் பேர் தானாகவே கழன்றுகொள்வார்கள்.