சொன்னால்தான் செய்கிறான்! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம் இருக்கிறது. "குழாயைத் திற", "சோப்பு எடு", "தேய்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னால் அழகாகக் கை கழுவுகிறான். நான் வாயை மூடிக்கொண்டால் குழாய் முன்னால் அப்படியே நிற்கிறான். இது சோம்பலா, அடமா?

பதில்: ரெண்டும் இல்லை. குரல் வந்தால் அடுத்ததைச் செய்ய வேண்டும் என்பதைத்தான் அவன் கற்றிருக்கிறான், அதுவும் நன்றாகவே. கை நனைந்ததும் சோப்பு, நுரை வந்ததும் தேய்ப்பது என்று ஒரு படி முடிவதே அடுத்த படிக்கு அடையாளமாக வேண்டும்; அந்த இடத்தை உங்கள் பேச்சு பிடித்துக்கொண்டது. புதிதாக ஒன்றைப் பழக்கும்போது சரியான செயல் வருவதற்காக நாம் கூடுதலாகத் தரும் உதவியைத்தான் ஏபிஏ-வில், அதாவது நடத்தையை ஆராய்ந்து திறமைகளைப் படிப்படியாகப் பழக்கும் முறையில், பிராம்ப்ட் என்கிறார்கள். கையைப் பிடித்துச் செய்யவைப்பது, செய்துகாட்டுவது, விரலால் சுட்டுவது, படம் வைப்பது, வாயால் சொல்வது எல்லாமே பிராம்ப்ட்தான். இதில் வாயால் சொல்வது கொடுக்க ரொம்பச் சுலபம், விலக்குவதுதான் பாடு. கையைப் பிடித்துத் தரும் உதவி என்றால் விரலிலிருந்து மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று பின்வாங்கலாம். பேச்சு அப்படியில்லை, நமக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துவிடும்.

அதனால் இனி அவனுக்குப் பின்னால் நில்லுங்கள். "கை கழுவு" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள், அதற்கப்புறம் பேச்சே கூடாது. நின்றுவிட்டால் சில விநாடி பொறுங்கள், பிறகு சத்தமில்லாமல் அவன் கையை லேசாக சோப்பின் பக்கம் நகர்த்துங்கள். அடுத்தடுத்த நாட்களில் முழங்கையில் ஒரு தொடுதல், அப்புறம் அதுவும் வேண்டாம். குழாய்க்கு மேலே படிப்படியான படங்கள் ஒட்டுவதும் நல்லது. பேச்சு காற்றில் போய்விடும், படம் அவன் திரும்பிப் பார்க்கும்வரை அங்கேயே இருக்கும். பாராட்டு, விளையாட்டு எல்லாவற்றிலும் பெரிய பங்கு அவன் தானாகச் செய்த படிக்குப் போகட்டும். உதவியோடு செய்ததற்கும் அதே அளவு கொடுத்தால் அவன் ஏன் காத்திருப்பதை விட வேண்டும்?

கேள்வி: முழு உதவியில் தொடங்கிக் குறைக்க வேண்டும் என்கிறார் தெரபிஸ்ட். குறைந்த உதவியில் தொடங்கி, தேவைப்பட்டால் கூட்டலாம் என்கிறார் பள்ளி ஆசிரியர். யார் சொல்வது சரி?

பதில்: எந்தத் திறமை என்பதைப் பொறுத்து இருவருமே சரியாக இருக்கலாம். சுத்தமாகத் தெரியாத விஷயம், அல்லது தப்பாகச் செய்தால் அந்தத் தப்பே பழகிவிடுகிற குழந்தை என்றால் முழு உதவியில் தொடங்குவதே என் தேர்வு. பாதி தெரியும், சில நாள் வருகிறது சில நாள் வரவில்லை என்றால் குறைவிலிருந்து தொடங்குங்கள், இல்லாவிட்டால் தெரிந்ததையும் நாமே செய்துகொடுத்துக் கெடுத்துவிடுவோம்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, வீட்டில் செய்ய இதுதான் எளிது என்பேன். பிராம்ப்ட்டை மாற்றாமல் நேரத்தை மட்டும் தள்ளிப்போடுவது. முதலில் கேள்வி கேட்டவுடனேயே, அதாவது 0 விநாடியில், பதிலைக் காட்டிவிட வேண்டும். கொஞ்சம் பழகியதும் 4 விநாடி காத்திருந்து காட்ட வேண்டும். அந்த இடைவெளியில் ஒருநாள் அவனே முந்திக்கொள்வான். இப்படித் தாமதித்து, உதவியின் பிடி எப்போது விடுபடுகிறது என்று அளந்த டச்செட் என்ற ஆய்வாளரின் ஆய்வு 1971-லேயே வந்துவிட்டது, புதுசு ஒன்றும் இல்லை.

எதை எடுத்தாலும், உதவியை எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை முதல் நாளே தாளில் எழுதிவிடுங்கள். "போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட பிராம்ப்ட் அங்கேயே தங்கிவிடும்.

கேள்வி: என் மகள் என்னிடம் படஅட்டைகளை எல்லாம் சரியாக எடுக்கிறாள், அவள் அப்பாவிடம் ஒன்றும் வருவதில்லை. ஏன்?

பதில்: உங்கள் கண் சரியான அட்டைக்குப் போகிறதா என்று பாருங்கள். ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டு, குளம்பால் தட்டி விடை சொல்கிறது என்று ஊரே நம்பியது. 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் சோதித்துப் பார்த்தபோது, கேள்வி கேட்பவரின் தலை அசைவைப் பார்த்துத்தான் அது குளம்பு தட்டுவதை நிறுத்துகிறது என்று தெரிந்தது. உங்கள் மகளும் அதே கெட்டிக்காரத்தனத்தைக் காட்டலாம். நீங்கள் பழக்குவதை ஒரு தடவை வீடியோ எடுத்துப் பாருங்கள், சரியான அட்டையை எப்போதும் ஒரே பக்கம் வைக்கிறீர்களா என்றும் கவனியுங்கள். அதெல்லாம் இல்லையென்றால் ஆள் மாறியதுதான் பிரச்சினை. அப்பாவும் தினமும் கொஞ்ச நேரம் உட்காரட்டும்.

கேள்வி: கையைப் பிடித்து எழுதவைத்தால் உதறுகிறான். விடாமல் பிடிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், விட்டுவிடுங்கள். உதறுவதே அவன் சொல்லும் பதில். இழுத்துப் பிடித்தால் அது பிராம்ப்ட் இல்லை, பலவந்தம். பென்சிலைப் பார்த்தாலே ஓடப் பழகிவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் எழுதிக்காட்டுங்கள், புள்ளி வைத்துக் கொடுங்கள். தொடுதலே பிடிக்காத குழந்தைக்குக் கையைப் பிடித்துச் செய்யவைப்பது முதல் தேர்வாகவே இருக்கக் கூடாது, தெரபிஸ்ட் சொன்னாலும் சரி.