கர்ப்பகாலத் தொற்றும் பிள்ளையின் காதும்: திருகோணமலைக் கேள்விகளுக்குப் பதில்

பிறவித் தொற்றுகளால் வரும் செவிப்புலன் இழப்பை ஆராய்வதுதான் என் வேலை. திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்: டொக்டர், பிறந்தவுடன் செய்த காதுச் சோதனையில் மகளுக்குப் பிரச்சினை இல்லை என்றார்கள். இப்போது ஒன்றரை வயது. கூப்பிட்டால் திரும்புவது குறைந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் விளையாட்டுப் புத்தி என்கிறார்கள்.

அம்மா, இந்தக் கிழமையே காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். பிறந்த நேரம் நன்றாகக் கேட்ட காது பிறகு மந்தமாகலாம். அதற்குப் பல காரணங்கள் உண்டு. காதுக்குள் நீர் கோத்திருந்தாலும் இப்படி வரும். ஆனால் நான் எப்போதும் மனதில் வைத்திருப்பது சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சிஎம்வி. அமெரிக்கக் கணக்குப்படி 200 குழந்தைகளில் ஒன்று கருவிலேயே இந்தத் தொற்றோடு பிறக்கிறது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீடித்த பாதிப்பு வரும், முக்கியமாகக் காதில். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிறக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது.

கருவில் வந்த தொற்றா என்று உறுதியாகச் சொல்ல, பிறந்து 21 நாளுக்குள் சிறுநீரோ எச்சிலோ சோதித்திருக்க வேண்டும். பிந்தினால், வெளியில் தொற்றியதா என்று பிரித்தறிவது கடினம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். காரணம் தெரியாவிட்டாலும் கேட்கும் கருவியும் பேச்சுப் பயிற்சியும் தொடங்கலாம். தாய் சந்தேகப்பட்டால் அதுவே சோதிக்கப் போதுமான காரணம்.

மூதூர், முன்பள்ளி ஆசிரியை: நான் மூன்று மாதக் கர்ப்பிணி. வேலையை விட வேண்டுமா?

விட வேண்டியதில்லை தங்கச்சி. சிஎம்வி தொற்றிய சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் வைரஸ் மாதக்கணக்கில் வெளியேறும். மூக்குத் துடைத்தாலும் உடுப்பு மாற்றினாலும் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். பிள்ளை கடித்த பிஸ்கட்டையோ கரண்டியையோ உங்கள் வாயில் வைக்காதீர்கள். கொஞ்சும்போது வாயில் முத்தமிடாமல் நெற்றியில் இடுங்கள். முன்பே தொற்று வந்தவர்களுக்கும் இது மறுபடி வரலாம் என்பதால் எல்லோருக்கும் இதே பழக்கம்தான்.

கிண்ணியா: ருபெல்லா (ஜேர்மன் சின்னமுத்து) இப்போது இல்லைத்தானே, ஊசி எதற்கு?

ஊசி போட்டதால்தான் இல்லை. இலங்கை 1996 இல் ருபெல்லா தடுப்பூசியைத் தொடங்கியது. 2020 இல் நோய் ஒழிந்ததாக உலக சுகாதார அமைப்பு உறுதிசெய்தது. வெளியிலிருந்து வைரஸ் எப்போதும் வரலாம். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாக்கினால் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம். கர்ப்பமான பிறகு இந்த ஊசி போட முடியாது, ஆகவே முதலிலேயே போட்டுவிட வேண்டும்.

உயர்தர மாணவன், நகரம்: மிஸ், இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள்? நானும் வரலாமா?

கட்டாயம் வாருங்கள் தம்பி. என்னை இழுத்தது நோர்மன் கிரெக். சிட்னியில் கண் வைத்தியர். 1941 இல் கண்புரையோடு பிறந்த குழந்தைகள் அவரிடம் வரிசையாக வந்தார்கள். தாய்மார் தங்களுக்குள் பேசியதில், கர்ப்பத்தில் ருபெல்லா வந்தது தெரிந்தது. அதை அவர் காது கொடுத்துக் கேட்டார். பிறகு அதே தாய்மாரைப் போன்றவர்கள் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றும் சொன்னார்கள். பெரிய வைத்தியர்கள் பலர் உடனே நம்பவில்லை, ஆனால் தாய்மார் சொன்னதே சரி. அப்புறம் தோமஸ் வெல்லர், அமெரிக்க வைரஸ் ஆய்வாளர். சிஎம்வியைப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர், அதற்குப் பெயர் வைத்தவரும் அவரே. ருபெல்லா வைரஸை, நோயுற்ற தன் சொந்த மகனின் சிறுநீரிலிருந்து பிரித்தார்.

வேலை பெரும்பாலும் பொறுமை வேலை. செவிப்புலன் பிந்திக் குறையும் என்பதால் அதே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் அழைத்துச் சோதிக்க வேண்டும். வீடு மாறிய குடும்பங்களைத் தேடிப் பிடிப்பதும் ஆராய்ச்சிதான். உயிரியல் படியுங்கள், புள்ளிவிபரவியலையும் விடாதீர்கள். றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் பட்டப்படிப்பு இருக்கிறது.

நிலாவெளி: தூங்கும் பச்சைக் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள்?

நல்ல காது ஒலியைக் கேட்டதும் தானும் மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்பும். 1978 இல் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தது. அதைத்தான் காதில் வைக்கும் சின்னக் கருவி பிடிக்கிறது.

குச்சவெளி, ஒரு தாய்: என் குழந்தைக்குப் பத்து நாள், சிஎம்வி என்றார்கள். நான் செய்த தவறா? மருந்து உண்டா?

உங்கள் தவறே இல்லை அம்மா. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தொற்று வந்துபோவதே தெரியாது. அறிகுறி உள்ள குழந்தைகளுக்கு வல்கன்சிக்ளோவிர் என்ற மருந்தை முதல் மாதத்திலேயே தொடங்கி ஆறு மாதம் கொடுப்பார்கள். வெள்ளை இரத்த அணுக்கள் குறையலாம் என்பதால் இடையிடையே இரத்தம் சோதிப்பார்கள். எல்லாக் குழந்தைக்கும் அது தேவைப்படாது, பிள்ளை வைத்தியரே தீர்மானிப்பார். எச்சிலில் கண்டிருந்தால் சிறுநீரிலும் பார்த்தார்களா என்று கேளுங்கள். தாய்ப்பாலில் இருக்கும் வைரஸ் வாயில் ஒட்டி எச்சில் சோதனையைக் குழப்பலாம். பாலை நிறுத்த வேண்டாம். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் காதுச் சோதனைத் திகதிகளைப் பிள்ளையின் கிளினிக் கொப்பியில் எழுதிவைத்து, பள்ளிக்கூடம் போகும் வரை ஒன்றையும் தவறவிடாதீர்கள்.