எக்ஸ்ரே தெளிந்த பிறகும் அசதியா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். கணவருக்கு வயது 46. நுரையீரலில் சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் நுண்ணிய திசுக் கட்டிகள் உண்டாகும் நோய்) என்று ஒரு வருடமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறார். இப்போது அளவைக் குறைத்து வருகிறார்கள். எக்ஸ்ரே தெளிந்துவிட்டது. ஆனால் மடை திறக்க வயலுக்குப் போய்வந்தாலே அன்று முழுக்கப் படுக்கைதான். மாமியார் சோம்பல் என்கிறார். வைட்டமின் டி பாக்கெட் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். இந்த நோயில் உண்டாகும் நுண்ணிய திசுக் கட்டிகளே வைட்டமின் டியை வீரியமான வடிவத்துக்கு மாற்றிவிடக்கூடியவை. வழக்கமான பரிசோதனையில் 'குறைவு' என்று வந்தாலும் வீரியமான டி உடம்பில் கூடுதலாக இருக்கலாம். அதன்மேல் பாக்கெட்டும் சேர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல் என்று வந்து, அசதியும் கூடும். கால்சியம் பார்த்தபின் மருத்துவர் சொல்லட்டும்.

அப்புறம், இது சோம்பல் இல்லை. இந்த நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் அசதி உண்டு. நோய் அடங்கியபின்னும் சிலருக்கு வருடக்கணக்கில் நீடிக்கும். செய்த வேலைக்கும் வரும் அசதிக்கும் கணக்கு ஒத்துவராது, தூங்கி எழுந்தாலும் தீராது என்பதுதான் அடையாளம். இதை அளக்க 10 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. மொத்தம் 50 மதிப்பெண். 22 அல்லது அதற்கு மேல் என்றால் அசதி உண்டு என்று பொருள்.

ஆனாலும் எல்லாப் பழியையும் நோய்மேல் போட்டுவிடக் கூடாது. ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியிருக்கலாம். எடை கூடிக் குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத்திணறலும் வந்திருக்கலாம். தரையில் உட்கார்ந்து எழ முடியவில்லையா? தொடைத் தசை பலவீனமாகியிருக்கும். மாத்திரையைக் குறைக்கும்போது எழுந்தால் கிறுகிறுப்பு, வாந்தி என்றால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையைத் திடீரென நிறுத்தவே கூடாது. ஹீமோகுளோபின், தைராய்டு, மனச்சோர்வு இவற்றையும் பார்க்க வேண்டும். படபடப்போ மயக்கமோ வந்தால் அன்றே ஈசிஜி எடுங்கள். இந்த நோய் இதயத்தையும் தொடும். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உங்களுக்குப் பக்கம்தானே.

வயல் வேலையை விட வேண்டாம், பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் நாற்றுக்கட்டு, உரமூட்டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தூக்கிவிட்டு மூன்று நாள் படுப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. மடை ஒரு நாள், உரம் இன்னொரு நாள். மருத்துவர் சரி என்றால், வாய்க்கால் கரையில் தினமும் பத்து நிமிட நடை. உடம்பு ஏற்றுக்கொண்டால் வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டலாம். படுத்தே கிடந்தால் தசை இன்னும் இளைக்கும்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு மாமியாரையும் கூட்டிப் போங்கள். நாம் சொல்வதைவிட டாக்டர் வாயால் கேட்டால் நம்புவார்.