ஊகத்தை முதலில் எழுதட்டும்

தண்டையார்பேட்டையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சோதனை வகுப்பு நடத்திவரும் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை, வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

நான்காம் வகுப்பு படிக்கும் மகள் ஓயாமல் "ஏன், ஏன்" என்கிறாள். எங்கே தொடங்குவது? (தாய், ராயபுரம்)

பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள் அம்மா. அவளுடைய "ஏன்" என்பதை "எது", "எவ்வளவு" என்று மாற்றிக் கொடுங்கள். "துணி ஏன் காய்கிறது?" என்பதற்கு மொட்டைமாடியில் விடை தேட முடியாது. "விரித்துப் போட்ட துண்டா, மடித்துப் போட்ட துண்டா, எது முதலில் காயும்?" என்றால் ஒரே மாலையில் அவளே பார்த்துவிடுவாள்.

செலவில்லாமல் ஒரு சோதனை சொல்லுங்கள். (மீனவர், காசிமேடு)

உங்கள் தொழிலிலேயே இருக்கிறது, ஐயா. ஒரே அளவு ஐஸ் கட்டிகளை இரண்டு டம்ளர்களில் போடுங்கள். ஒன்றை வாயோடு சேர்த்துச் சாக்கால் சுற்றுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். இரண்டும் ஒரே நிழலில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். சாக்கு ஒன்றுதான் வித்தியாசம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உருகிய நீரை வடித்து அளந்து குறிக்க வேண்டும். ஆனால் தொடங்கும் முன்பே எது முதலில் உருகும் என்று பிள்ளை நோட்டில் எழுதியாக வேண்டும். அந்த ஊகம்தான் கருதுகோள்.

எங்கள் வகுப்பில் ஒரு சிறுவன், "சாக்கு சூடு, அதில் சுற்றியதுதான் முதலில் உருகும்" என்று எழுதினான். நடந்தது நேர்மாறாக. உடனே ரப்பரை எடுத்தான். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். சற்று யோசித்து, அதன் கீழே எழுதினான்: "நினைத்தது தவறு. வெளிச்சூட்டைச் சாக்கு தடுக்கிறது போலும்." அந்தப் "போலும்" எனக்குப் பெரிய மகிழ்ச்சி! ஈரச் சாக்காக இருந்தால் என்ன ஆகும் என்று அடுத்து அவனே கேட்டான்.

இருட்டில் வைத்த பயறுதான் உயரமாக வளர்ந்தது என்று எழுதிய மாணவனுக்கு மதிப்பெண் குறைத்துவிட்டேன். சரியா? (ஆசிரியர், வியாசர்பாடி)

திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவன் கண்டது உண்மை. வெளிச்சம் கிடைக்காத முளை வெளிறி, மெலிந்து, நீண்டு வளரும். உயரத்தோடு நிறத்தையும் தண்டின் பருமனையும் குறிக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு பயறை நம்ப வேண்டாம். இருட்டில் பத்து, வெளிச்சத்தில் பத்து என்று குறைந்தது அத்தனையாவது வேண்டும்.

பெரியவர்கள் சொன்னதைச் சோதிக்கப் பழக்கினால் மரியாதை போய்விடாதா? (தாத்தா, திருவொற்றியூர்)

போகாது ஐயா. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று சொன்னவர் இங்கிலாந்தின் இயற்பியல் பேரறிஞர் ரேலி. அவரைப் பெரிதும் மதித்தவர்தான், நம் மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன். 1921இல் கப்பலில் போகும்போது, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுக்கும் பட்டகம் ஒன்றின் வழியே ராமன் கடலைப் பார்த்தார். அப்போதும் நீலம் மறையவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று அறிந்து, அந்த வழியே ஆராய்ந்துதான், சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது என்னும் ராமன் விளைவை 1928இல் கண்டார்.

எங்கள் அடிபம்பில் சில நாள் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. ஆராயலாமா? (எட்டாம் வகுப்பு மாணவி, கொருக்குப்பேட்டை)

கட்டாயம், கண்ணு. தினமும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி கண்ணாடி பாட்டிலில் பிடி. பிடித்தவுடன் என்ன நிறம், ஒரு மணி நேரம் கழித்து என்ன நிறம் என்று தேதியோடு எழுது. முதலில் தெளிவாக இருந்து, காற்றுப் பட்டபின் மஞ்சளானால், நீரில் கரைந்த இரும்பு காரணமாக இருக்கலாம். வாயில் வைத்துப் பார்க்காதே. உன் ஊகத்தை இன்றே முதல் பக்கத்தில் எழுதிவிடு. முப்பது நாள் குறிப்பு சேர்ந்ததும் நோட்டோடு வகுப்புக்கு வா.